வீட்டுக்கு போன் போடாதீர்கள்

சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலர் அவர்களுக்கும் சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். போன மழைக்காலத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் என்னைக் கூப்பிட்டான். ஆண்கள் மீதுதான் அவனுக்கு ஈர்ப்பு என்று வீட்டில் தெரிந்ததும் அடித்துத் துரத்திவிட்டார்கள். கிளாம்பாக்கத்தில் வந்து இறங்கியவன் மூன்று இரவுகள் பேருந்து நிலையத்திலேயே படுத்திருக்கிறான். மூன்றாம் இரவு பை களவு போய்விட்டது. எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையும் சிகிச்சைப் புத்தகமும் அதற்குள்தான் இருந்தன.

வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பதிவேட்டைத் திறந்தவர் முதலில் கேட்டது அவன் அப்பாவின் போன் நம்பரை. "பேசிச் சேர்த்து வைக்கிறோம் தம்பி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஓடிவந்த பிள்ளையை வீட்டில் சேர்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த நல்ல காரியம். பையன் எழுந்து வெளியே போய்விட்டான். அப்புறம் இரண்டு வாரம் அவன் எங்கே இருந்தான் என்றே தெரியவில்லை. திரும்பி வந்தபோது கையெல்லாம் சிரங்கு, விடாத இருமல். படுக்க இடம் கொடுத்த ஆளிடம் ஆணுறை போடச் சொல்ல முடியவில்லை என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

மருந்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம், பெரும்பாலானோருக்குத் தினமும் ஒரே ஒரு மாத்திரை. விடாமல் போட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், உடலுறவு வழியாக மற்றவருக்கும் தொற்றாது. விட்டு விட்டுப் போட்டால் மருந்துக்கே அசையாத கிருமி உருவாகலாம், எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் காசநோய் புகுந்துவிடலாம். பலவந்தத்துக்கு ஆளானவருக்குத் தொற்றைத் தடுக்கும் மருந்தும் உண்டு. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பிளாட்பாரத்தில் படுப்பவன் 28 நாள் மாத்திரையை எங்கே வைப்பான்? மனம் உடைந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம் என்கிறோம். போனுக்கு சார்ஜ் போட இடம் வேண்டுமே. நான் பார்த்த பிள்ளைகளில் சாவைப் பற்றி யோசிக்காதவர்கள் குறைவு.

இவர்களுக்குத் தங்க இடம் கேட்பது புதிய கோரிக்கையும் அல்ல. ஒருவரையொருவர் காதலித்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தங்கும் இல்லங்களைப் பால்புதுமையர் (தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர் போன்றோர்) எல்லாருக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும், அதற்கான வசதிகளை 12 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டார். திருநங்கை, திருநம்பியருக்குக் கரிமா கிரஹ் என்ற தங்கும் இல்லத் திட்டமாவது இருக்கிறது, அதுவும் போதாது. தன்பாலீர்ப்புள்ள பையனும் பெண்ணும் அந்தத் திட்டத்துக்குள் வருவதில்லை. வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்பதும் உயர் நீதிமன்றத்துக்கே தெரியும். 2025 மே மாதம் தீர்ப்பான வழக்கில், வீட்டார் தன்னை அடித்ததையும் 'சரியாக்க' சடங்குகள் செய்ததையும் ஒரு பெண் நீதிபதிகளிடம் சொன்னார்.

புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருக்கும் காப்பகங்களில் சில கட்டில்களை இவர்களுக்கென்று ஒதுக்குங்கள். ஆதார் பெரும்பாலும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும், அது இல்லையென்று திருப்பி அனுப்பாதீர்கள். 18 வயது நிறைந்தவர் சம்மதிக்காமல் வீட்டுக்கு போன் போடக் கூடாது என்று எழுத்தில் ஆணை கொடுங்கள். நிறையாதவர்கள் குழந்தைகள் நலக் குழுவிடம்தான் போக வேண்டும், சரி. ஆனால் ஏன் ஓடிவந்தாய் என்று முதலில் தனியாக உட்காரவைத்துக் கேட்கட்டும். ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போடும் சின்னப் பெட்டி ஒன்று வேண்டும், மாத்திரைக்காக. வாரம் ஒரு முறை, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்து ஆலோசகர் வந்து போகட்டும். இரவில் ஒழுங்காகத் தூங்கினாலே பாதி நோய் அண்டாது என்பதை இந்த வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

அந்தப் பையனுக்கு மறுபடி மாத்திரை தொடங்கியாயிற்று. இப்போது ஒரு நண்பனின் அறையில் இருக்கிறான். அடுத்த மாதம் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு தன்னார்வலர்