பறவை நோக்கர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் சங்கம் ஆற்றிய பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. மாதாந்திரப் பறவை நோக்கல் தடையின்றி நடைபெற்றது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் வழக்கம்போல் பங்கேற்றோம்.

இளையோர் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. இதை நான் முன்மொழிந்தபோது, மாணவர்கள் ஓரிரு முறை வந்துவிட்டுப் பிறகு எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று சிலர் ஐயம் தெரிவித்தனர். வந்தவர்களில் பெரும்பாலோர் இன்றும் தொடர்ந்து வருகிறார்கள். பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், முதல் நாளிலேயே பட்டியல் எழுதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்ததே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. தொடங்கிய நேரம், நடந்த தொலைவு, கண்ட இனங்கள், அவற்றின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் குறித்து, 2002 முதல் இயங்கிவரும் இபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் அவர்களே பதிவேற்றுகிறார்கள். காகத்தையும் மைனாவையும் எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள், அவை பிற்காலத்தில் குறைந்தால் அதை அறிய இன்றைய எண்ணிக்கைதான் சான்று என்று விளங்கியதும், ஒன்றுவிடாமல் எழுதத் தொடங்கினர். நீர்நிலையில் தொலைவில் நின்ற ஒன்றை மூத்த உறுப்பினர் ஒருவர் உண்ணிக்கொக்கு என்றபோது, உண்ணிக்கொக்குக்கு மஞ்சள் அலகாயிற்றே, இதன் அலகு கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு மாணவி தயங்கிக் கேட்டாள். அது எழுந்து பறக்கையில் கறுத்த கால்களின் நுனியில் மஞ்சள் விரல்கள் தெரிந்தன; சின்னக் கொக்கு என்றே பட்டியலில் ஏறியது.

குக்குறுவான் பறவை பொந்து குடைந்திருந்த பட்டுப்போன மரமொன்றை வெட்ட இருந்த உரிமையாளரிடம் பேசி, குஞ்சுகள் வெளியேறும்வரை அதை நிறுத்திவைத்தவர்களும் இவர்களே. கூட்டை நெருங்கிப் படமெடுப்பதில்லை, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதில்லை என்னும் விதிகளை நம்மில் சிலரைவிட அவர்கள் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள்.

செயலாளர் சிறுவர்களுடனேயே காலத்தைச் செலவிடுகிறார் என்ற குறை என் காதுக்கும் வந்தது. சுட்டு வீழ்த்திய சிட்டின் பெயரறிய வந்த, பின்னாளில் புகழ்பெற்ற பறவையியலாளரான சிறுவன் சாலிம் அலியை உள்ளே அழைத்து, பாடம் செய்த பறவைகளைக் காட்டியவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

அதே வேளையில், இளையோர் நடைகளுக்கு வழிகாட்டப் பெயர் கொடுத்த மூத்த உறுப்பினர்களில் பலர் ஒருமுறைகூட வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். ஒரே இருநோக்கியை (பைனாகுலர்) பலர் கைமாற்றிப் பார்ப்பதற்குள் பறவை பறந்துவிடுகிறது. நம் வீடுகளிலோ இருநோக்கிகள் உறையை விட்டு வெளியே வருவதில்லை. சந்தா நிலுவையும் கணிசமாக உள்ளது. நினைவூட்டல் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதற்கேனும் உறுப்பினர்கள் மனம் வைத்திருக்கலாம்.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாக, நன்கொடைகளின் துணையால் செலவுகளைச் சமாளித்தோம். நடைகளுக்கு இடமளித்தவர்களுக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் வாரந்தோறும் ஒரே இடத்தில் கணக்கெடுக்க இளையோர் விரும்புகின்றனர். அதற்கு அதிகாலையில் உடன் நிற்க இருவரும், கூடுதலாகச் சில இருநோக்கிகளும் தேவை. இசைவு தெரிவிப்போர், கூட்டம் முடிந்ததும் நிலுவைச் சந்தாவைச் செலுத்தும் மேசையிலேயே தம் பெயரையும் பதிவு செய்யலாம்.

செயலாளர்