பிளாக்கி பிழைத்துக்கொண்டான்

அன்புள்ள மணியம்,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் நாய் பிளாக்கி இப்போது நன்றாக இருக்கிறான்.

தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு ஜொகூர் போனபோது அவனை அஞ்சலை அக்காவிடம் விட்டிருந்தோம். சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்தில் யார் ஊருக்குப் போனாலும் நாயை அவரிடம்தான் விடுவார்கள். அவர் வீட்டு வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். ஒரு சாயங்காலம் சங்கிலி கழன்று ஓடியவன் கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்திருக்கிறான். வாயோரத்தில் சிவப்பாக மெழுகுத் துகள். தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதால் அது மரத்தடியில் போடும் எலி மருந்துக் கட்டி என்று அக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் பிளாக்கி வாலை ஆட்டிக்கொண்டு சோறு கேட்டிருக்கிறான். வேறு யாராவது என்றால் ஒன்றும் ஆகவில்லையே என்று சும்மா இருந்திருப்பார்கள். அக்கா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்துவிட்டு, துகளைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு, மகனோடு ஈப்போவில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள், சோற்றோடு சிவப்புச் சிவப்பாக வந்து விழுந்ததாம்.

அந்த எலி மருந்து ரத்தம் உறைய விடாதாம் மணியம். உடம்பில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுத்துவிடும், ஆனால் வெளியே தெரிய 3 முதல் 5 நாள் கூட ஆகும். ஈறு வெளுத்து, மூச்சு வாங்கிப் படுத்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினால் பிழைப்பது கஷ்டம். பிளாக்கிக்கு 4 வாரம் வைட்டமின் கே1 மாத்திரை. கொழுப்போடு கொடுத்தால்தான் நன்றாகச் சேரும் என்றார் டாக்டர், அதனால் தினமும் கோழித் தோலுக்குள் வைத்துக் கொடுத்தேன். கடைசி மாத்திரை முடிந்து 48 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சரியாக உறைகிறது.

தீபாவளிக்கு உன் ஜிம்மியைத் தோட்டத்து வீட்டில் விடப் போவதாகச் சொன்னாயே, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அங்கே எலி மருந்து போடுகிறார்களா, என்ன மருந்து என்று முன்னாலேயே கேட்டுக்கொள். மருந்து தின்று செத்த எலியைக் கடித்தாலும் ஆபத்துதான். எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிற தோட்டங்கள் நம் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன, எல்லாரும் அப்படிச் செய்தால் என்ன என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்புறம், தைப்பூசத்துக்கு வருவாய்தானே? அடுத்த முறையும் பிளாக்கியை அக்காவிடம்தான் விடுவேன் என்றால், "இனிமேல் வேண்டாம் தம்பி, எனக்குப் பயமாக இருக்கு" என்கிறார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிய பணத்தைக் கூடத் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார். நீ வந்து ஒரு வார்த்தை பேசு, நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்,
சேகர்