மூன்றாம் பந்தியில் உள்ள ஹாட்

அன்பு மகள்,

வீடு வாடகைக்குக் கேட்டு நீ எழுதிய கடிதத்தைத் திருத்திவிட்டேன், ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன். அம்மாவும் நானும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது, இங்கே வெயில்தான் தாங்க முடியவில்லை. நீ இரவோடு இரவாக அனுப்பச் சொன்னாய், ஆனாலும் இதை ஒருமுறை நிதானமாகப் படி.

ஆங்கிலக் கடிதம் முழுக்க ஹாட் (had), ஹாட் என்று போட்டு வைத்திருக்கிறாய். "ஐ ஹாட் ஜொயின்ட் திஸ் நேர்சரி இன் 2019" என்கிறாய். வருடத்தைச் சொல்லிவிட்டாய், அதற்குப் பிறகு நடந்தது என்று வேறொன்றையும் சொல்லவில்லை, பிறகு ஹாட் எதற்கு? "ஐ ஜொயின்ட்" போதும். சிம்பிள் பாஸ்ட், வெறும் இறந்தகாலம். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்த பிள்ளை நீ, விறாந்தையில் மற்றப் பிள்ளைகளோடு உன்னையும் இருத்தி இதே பாடத்தை எத்தனை தரம் சொல்லித் தந்திருப்பேன். லண்டனில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கே ஏ பி சி சொல்லிக்கொடுக்கிறாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறேன், நீ இப்படி எழுதலாமா?

எங்கள் ஆட்களிடம் பொதுவாகவே இந்தப் பழக்கம் இருக்கிறது, காரணமும் தமிழில்தான் இருக்கிறது. "நேற்று நிலாவெளிக்குப் போயிருந்தேன்" என்று தமிழில் சொன்னால் ஒரு குறையும் இல்லை, போய் வந்த கதையைத் தொடங்குகிறாய் என்று கேட்கிறவருக்கு விளங்கும். அந்தப் போயிருந்தேனை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் "ஐ ஹாட் கோன்" என்றால் கேட்கிறவர் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார். நீ போனதற்குப் பிறகு நடந்த இன்னொன்று வரப்போகிறது என்று நினைப்பார், அது வராது. மற்றப் பக்கம் பார், "நான் போகும்போது பஸ் போய்விட்டது" என்கிறோம், அந்த விட்டது ஒன்றே தமிழில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அங்கேதான் ஹாட் கட்டாயம் வேண்டும், அங்கே போடாமல் விட்டுவிடுவோம். "வென் ஐ கேம், த பஸ் லெஃப்ட்" என்றால் நான் வரவும் பஸ் வெளிக்கிட்டது என்று ஆகிவிடும். "ஹாட் லெஃப்ட்" என்றால்தான் நான் வருமுன்பே போய்விட்டது.

ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மறந்திருக்க மாட்டாய். 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் குண்டு போட வந்தபோது அந்தக் கப்பல் இங்கே இல்லை, எச்சரிக்கை கிடைத்து முதல் நாள் இரவே வெளிக்கிட்டுவிட்டது. விமானங்கள் வந்ததற்கு "கேம்", கப்பல் போனதற்கு "ஹாட் லெஃப்ட்". அன்றைக்கே அதை மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள், அது பின்னால் நடந்தது, அதற்கு ஹாட் வராது, "சாங்க்" (sank) போதும். கப்பல் போனது, விமானம் வந்தது, கப்பல் மூழ்கியது என்று மூன்று இருக்க, ஒன்றுக்கு மட்டும்தான் ஹாட். எழுதுவதற்கு முன் உன்னையே கேள், எதற்கு முன்? அதற்குப் பதில் இருந்தால் போடு, இல்லாவிட்டால் போடாதே.

நடந்த ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போனால் அதுவும் தேவையில்லை. போர்த்துக்கீசர் 1622 இல் கோணேசர் கோயிலை இடித்தார்கள், பிறகு கோட்டையைக் கட்டினார்கள், இதற்குச் சிம்பிள் பாஸ்ட் இரண்டு போதும். ஒழுங்கை மாற்றிச் சொல்லும்போதுதான் ஹாட் வேண்டும். 1950 இல் கிணறு வெட்டியவர்கள் மண்ணுக்குள் விக்கிரகங்களைக் கண்டார்கள், அவற்றை யாரோ எந்தக் காலத்திலோ புதைத்திருந்தார்கள். கண்டதை முதலில் சொல்லிவிட்டாய், புதைத்ததைப் பிறகு சொல்கிறாய், அதனால் "ஹாட் பரீட்". ஆஃப்டர், பிஃபோர் என்று வாக்கியத்திலேயே இருந்தால் பெரும்பாலும் ஹாட் இல்லாமலே விளங்கும், போட்டாலும் பிழையில்லை. இஃப் போட்டு நடக்காததைச் சொல்கிற "இஃப் ஐ ஹாட் நோன்" வேறு கதை, அதில் நீ பிழை விடுவதில்லை.

இன்னொன்றிலும் நீ பிழை விடவில்லை. தை மாதம் அனுப்பிய மெசேஜில் "வீ ஹாட் ஹோப்ட் டு கம்" என்று எழுதியிருந்தாய். ஹோப், பிளான், இன்டென்ட் மாதிரிச் சொற்களோடு ஹாட் வந்தால் நினைத்தோம், ஆனால் நடக்கவில்லை என்று அர்த்தம். பங்குனித் திருவிழாவுக்கு இரண்டு பேரும் வருவதாக அம்மா அயல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். லீவு கிடைக்கவில்லையாம் என்று நான்தான் சொன்னேன். நீ லீவு என்று எழுதவில்லை, ஒரு காரணமும் எழுதவில்லை. வேலை அதிகம் என்றால் அதிகம் என்று சொல்லலாம்தானே, நாங்கள் கோபிக்கிற ஆட்களா?

சரி, மூன்றாம் பந்தி. "மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ ஹாட் லிவ்ட் இன் ஹரோ ஃபோர் சிக்ஸ் இயேர்ஸ்." இதைத்தான் திருத்தாமல் விட்டிருக்கிறேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்றால் "ஹாவ் லிவ்ட்", அல்லது "ஹாவ் பீன் லிவிங்". நேர்சரிக்குப் போட்ட ஹாட் மாதிரி இதுவும் பழக்கத்தில் வந்ததென்றால் ஒரு சொல்லை மாற்றினால் முடிந்தது. ஆனால் ஹாட் சரி என்றால் அதற்குப் பிறகு ஏதோ நடந்திருக்க வேண்டும், அது கடிதத்தில் இல்லை. அடுத்த வரியில் "ஐ நீட் எ ஸ்மோல் ஃபிளாட்" என்று இருக்கிறது, "வீ" இல்லை. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், பிழை இல்லை.

எதற்கு முன், மகள்?

நீ படிக்கிற காலத்திலும் இப்படித்தான், காய்ச்சல் வந்தால்கூட அம்மா தொட்டுப் பார்த்துத்தான் தெரியும். கதைக்கும்போது போனை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு கதைக்கிறாய். மருமகன் வேலைக்குப் போயிருக்கிறார் என்கிறாய், பொங்கலுக்கும் அப்படித்தான் சொன்னாய், அவருடைய பிறந்தநாளுக்கும் அப்படித்தான் சொன்னாய். அவர் நல்ல மனிதர் என்றுதான் நாங்கள் செய்து வைத்தோம், உன்னையும் கேட்டுத்தான் செய்தோம். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாக்கியம் பிழை என்றால் ஹாவ் போட்டு அனுப்பு. சரி என்றால் அப்படியே இருக்கட்டும், அதற்காக நீ எனக்குப் பயப்பட வேண்டாம், அம்மாவுக்கும் பயப்பட வேண்டாம், ஊர் என்ன சொல்லும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் ஏஜென்சிக்காரர் படிக்கிற கடிதத்தில் அதை அரைகுறையாக விடாதே, எப்போது வரை இருந்தீர்கள் என்று மாதமும் வருடமும் போடு, இல்லாவிட்டால் அவர்களும் இதையேதான் கேட்பார்கள்.

புது வீட்டுக்கு முற்பணம் கட்ட வேண்டிவரும். பென்சனில் ஒதுக்கி வைத்த காசு வங்கியில் கிடக்கிறது, பவுணாக மாற்றினால் பெரிதாக ஒன்றும் வராது, ஆனாலும் கேள். அடுத்த ஒழுங்கை டீச்சரின் மகன் ஞாயிற்றுக்கிழமை லண்டன் வருகிறான், இரண்டு கிலோ கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மா மிளகாய்த்தூள் இடித்துவிட்டாள், ஒடியல்மாவும் வாங்கிவிட்டோம். மருமகனுக்கென்று பாரைக் கருவாடும் எடுத்து வைத்திருக்கிறாள், நீ அதைத் தொடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். பாரை வைக்கச் சொல்லவா, வேண்டாமா என்பதை மட்டும் சனிக்கிழமைக்கு முன் எனக்கு எழுது, அம்மாவின் போனுக்கு அனுப்பாதே. வேண்டாம் என்றால் பாரம் கூடிவிட்டது என்று சொல்லி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு உனக்குப் பிடித்த நெத்தலி வைக்கிறேன்.

அப்பா
திருகோணமலை