மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் கோவை மாரத்தான் நெருங்கும்போது தங்கள் நாளிதழில் அதைப் பற்றிய செய்தி தவறாமல் வருகிறது. எந்தச் சாலையில் போக்குவரத்து மாற்றம், டி-ஷர்ட் எங்கே கொடுக்கிறார்கள், கொடியசைத்துத் தொடங்கி வைப்பது யார் என்று எல்லா விவரமும் இருக்கும். ஆனால் அது வருவது ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது. அதைப் படித்துவிட்டு நாமும் ஓடலாமே என்று ஆசைப்படும் ஒருவருக்கு அந்த ஒரு வாரத்தில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. டிசம்பர் ஓட்டத்துக்கான பயிற்சியைச் செப்டம்பரிலேயே வாரம் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

இந்த ஆண்டு நானும் ஓடுகிறேன். வயது நாற்பத்தைந்து. பள்ளியில் படித்த காலத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் எனக்குத் தெரியாது. என் மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். கோவை மாரத்தான் 2013 முதல் கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷனுக்காக நடத்தப்படுகிறது என்பதால் அதில் ஓட வேண்டும் என்று தோன்றியது. அத்தையிடம் சொன்னபோது, "ஓடு அம்மிணி, நான் வந்து ரோட்டோரமா நின்னு பாக்கறேன்" என்றார். அப்புறம் பின்வாங்க முடியுமா?

ரேஸ்கோர்ஸ் சாலையில் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மர நிழலும் நல்ல நடைபாதையும் இருப்பதால் விடியும் முன்பே கூட்டம் வந்துவிடுகிறது. அங்கே பெண்கள் சிலர் சேர்ந்து பழகுகிறோம். எங்கள் முறை மிக எளிது. ஐந்து நிமிடம் வேகமாக நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள்தான். வாரம் ஏற ஏற ஓட்டம் கூடும், நடை குறையும். ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலைக்கு வந்துவிடலாம். 1996-ல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்த முறை இது. இன்று பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறையே இதை மக்களுக்குச் செயலியாகக் கொடுக்கிறது. எங்கள் குழுவில் செயலியெல்லாம் கிடையாது. கைக்கடிகாரம் கட்டியிருக்கும் அக்கா ஒருவர் "ஓடலாம்", "நடங்க" என்று குரல் கொடுப்பார். அதுவே போதுமானதாக இருக்கிறது.

வேகத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் நேற்று என்ன குழம்பு வைத்தோம் என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிய வேண்டும். பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், குறைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சொல்லும் பேச்சுச் சோதனை இதுதான்.

இது தெரியாமல் வருகிறவர்களையும் அங்கேதான் பார்க்கிறேன். பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று உற்சாகமாக ஒரு தம்பி வந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை, நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். முதல் நாளே இரண்டு சுற்று நிற்காமல் ஓடினார், எங்களுக்கெல்லாம் பிரமிப்பாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைத் தடவிக்கொண்டிருந்தார். விரலை வைத்தாலே வலிக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவரை அங்கே பார்க்கவில்லை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் அந்தப் பாரத்துக்கு உறுதிப்பட மாதங்கள் பிடிக்கும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கால் மாட்டிக்கொள்கிறது. ஓடாத நாட்களில்தான் எலும்பும் தசையும் தங்களைச் சரிசெய்துகொள்கின்றன. இதை யாராவது அந்தத் தம்பிக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் இன்றைக்கும் எங்களோடு ஓடிக்கொண்டிருப்பார்.

பெண்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒருவருக்கு எவ்வளவு மெதுவாக ஓடினாலும் மூச்சு வாங்கியது, படபடப்பு வந்தது. "எனக்கு உடம்பு வாகு அப்படிங்க" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா அவரைத் தெருவிளக்குக்குக் கீழே நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வெளிறிப்போய் இருந்தது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை, அங்கேயே இரும்புச்சத்து மாத்திரை. நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. பாதிக்கும் மேல்! ஓட ஆரம்பிக்கும் முன் ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள் என்று முதல் பெட்டிச் செய்தியிலேயே போட வேண்டும். நெஞ்சுவலி, இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடக் கூடாது என்பதையும் சேர்த்து. அந்தப் பெண் இப்போது மாத்திரை சாப்பிட்டுவிட்டு எங்களோடு பேசிக்கொண்டே ஓடுகிறார்.

இதையெல்லாம் உடற்பயிற்சிப் பகுதியில் போட்டுக்கொள்ளலாம், அறப்பணி ஓட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் கேட்கலாம். புற்றுநோய்க்காக ஓடுவது என்றதும் உலகம் நினைப்பது கனடாவின் டெர்ரி ஃபாக்ஸை. எலும்புப் புற்றுநோயால் பதினெட்டு வயதில் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். 1980 ஏப்ரல் 12-ம் தேதி செயற்கைக் காலுடன் அட்லாண்டிக் கரையில் புறப்பட்டு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே என்ற ஊருக்கு அருகே ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தபோது வயது 22. இது பலருக்கும் தெரியும். அந்தப் பயணத்துக்காக அவர் ஓராண்டுக்கும் மேல் பயிற்சி செய்ததும், அந்தப் பயிற்சியில் மட்டுமே சுமார் 5,000 கிலோமீட்டர் ஓடியதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1979-ல் பிரின்ஸ் ஜார்ஜ் என்ற ஊரில் அவர் ஓடிய முதல் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தார். என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கடைசி இடம் பெரிய தைரியம்.

பணம் சேர்வதும் இந்த மூன்று மாதத்தில்தான். நுழைவுக் கட்டணத்தில் டி-ஷர்ட், மெடல், காலைச் சிற்றுண்டி, தண்ணீர் என்று ஒரு பங்கு போய்விடும், அது இயல்புதான். லண்டன் மாரத்தானில் வழக்கம் வேறு. அங்கே ஓடுகிறவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டே தெரிந்தவர்களிடமெல்லாம் நன்கொடை கேட்கிறார்கள். 1981-ல் தொடங்கிய அந்த ஓட்டத்தின் வழியாக இதுவரை நூறு கோடி பவுண்டுக்கு மேல் அறப்பணிகளுக்குப் போயிருக்கிறது. எங்கள் அடுக்ககத்தில் இதை நானும் செய்து பார்க்கிறேன். லிஃப்டில் பார்க்கிறவர்கள் "எத்தனை கிலோமீட்டர் ஆச்சுங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, "நான் ஓடற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நீங்க எவ்வளவு போடறீங்க?" என்பேன். பணத்தை நான் கையால் தொடுவதில்லை. அவர்களே நேராக அறக்கட்டளைக்கு அனுப்பி, ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவர்களும் உண்டு, ஐயாயிரம் கொடுத்தவர்களும் உண்டு. ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு போய்க் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்றும் நடந்தது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. எதற்காக ஓடுகிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் அத்தையின் கதையைச் சொல்ல வேண்டிவந்தது. அத்தையும் கூச்சத்தை விட்டுவிட்டு, குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டதையும், வலி இல்லையே என்று மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்ததையும் மாடிவீட்டுப் பெண்களிடம் விவரமாகச் சொன்னார். அதில் இரண்டு பேர் மறுவாரமே பரிசோதனைக்குப் போனார்கள். முப்பது வயது கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் இரண்டுக்குமே அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பரிசோதனை இருக்கிறது. அது இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே ஐயா, தாங்கள் பெரிதாக இடம் ஒதுக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் நாலு விரல்கடை அகலத்தில் ஒரு பெட்டி போதும். அந்த வாரம் எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும், எந்த வலியை அலட்சியம் செய்யக் கூடாது, நன்கொடையை எந்தக் கணக்குக்கு அனுப்புவது. புது ஷூவைப் பந்தயத்தன்று முதன்முதலாகப் போடக் கூடாது, பெண்கள் பொருத்தமான ஸ்போர்ட்ஸ் பிரா போட்டுக்கொண்டுதான் ஓட வேண்டும் என்பது போன்றவற்றை நடுநடுவே சேர்த்துக்கொள்ளலாம். எழுதித் தர ஊரில் விளையாட்டு மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் இருக்கிறார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒன்பது வாரப் பயிற்சிக்கு மழை, காய்ச்சல், பண்டிகை என்று மூன்று வாரம் கூடுதலாக வைத்துக்கொண்டால், செப்டம்பர் மூன்றாவது ஞாயிறு முதல் பெட்டி வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சாய்பாபா காலனி, கோயம்புத்தூர்.