பாக்கெட்டின் பின்பக்கம் காலியாக இருக்கிறது: வண்ண மீன் தீவனம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வண்ண மீன் தீவனம் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

கொளத்தூரில் சிமெண்ட் தொட்டி கட்டி கோல்டு ஃபிஷ்ஷும் கோய் கார்ப்பும் வளர்க்கிறவன் எழுதுகிறேன். உங்கள் சரக்கை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. சண்டைக்கு வரவில்லை, ஒரு விவரம் கேட்கத்தான் இந்த மடல்.

பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'கலர் என்ஹான்சர்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். சரி, எதைப் போட்டுக் கலர் ஏற்றுகிறீர்கள்? எவ்வளவு? புரதம், கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சதவீதக் கணக்கில் இருக்கிறது. எதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமோ அது மட்டும் இல்லை.

மீனுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருகிறது. அதை மீன் தன் உடம்பில் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது, தின்று சேர்த்தால்தான் உண்டு. குளத்தில் பாசியும் நீர்ப்பூச்சியும் கிடைக்கும். தொட்டியில் நாங்கள் போடுவதுதான் கதி. (நீலத்துக்கும் கறுப்புக்கும் இது உதவாது. அதையும் சேர்த்து ஏற்றுவதாகப் படம் போடுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு.)

எந்த நிறமி என்பது எங்களுக்கு ஏன் முக்கியம்? ஸ்பைருலினா என்ற பாசியில் ஸியாசாந்தின் என்ற கரோட்டினாய்டு இருக்கிறது. கோல்டு ஃபிஷ் அதைத் தின்று தன் உடம்பிலேயே அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமியாக மாற்றிக்கொள்ளும். சால்மன், ட்ரௌட் மீன்களுக்கு அந்த வித்தை தெரியாது, அவற்றுக்கு அஸ்டாசாந்தினையே நேராகக் கொடுக்க வேண்டும். செண்டுமல்லியில் லூட்டீன் என்ற நிறமிதான் அதிகம், அது மஞ்சள் பக்கம் இழுக்கும். வெள்ளையில் சிவப்புத் திட்டு போட்ட கோய்க்குக் கலர் தீவனத்தை அளவு தெரியாமல் போட்டால் வெள்ளை மங்கிப் பழுப்பேறும். அப்புறம் அந்த மீனுக்கு யார் விலை கேட்பார்கள்? 'இயற்கை நிறமி' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எங்களுக்கு எப்படிப் புரியும்?

அடுத்தது சாயம். சில சிவப்புத் தீவனக் குருணையை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். கரோட்டினாய்டு எண்ணெயில் கரையும் சங்கதி, தண்ணீரில் இப்படி இறங்காது. இறங்குவது நீங்கள் குருணைக்குப் பூசிய சாயம். அது வாங்குகிறவர் கண்ணுக்குத்தான், மீனுக்கு அல்ல. இதைவிட மோசம், ஆண் ஹார்மோன் கலந்து கலர் வரவைக்கும் வேலை. அப்படி ஏற்றிய மீனை இனப்பெருக்கத்துக்கு நம்ப முடியாது. குஞ்சு எடுத்து விற்கிற எங்களுக்கு அது வயிற்றில் அடிக்கிற காரியம்.

பொதி கட்டும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சமும் சூடும் காற்றும் பட்டால் இந்த நிறமி சிதையும். நீங்களோ பளபளவென்று தெரியும் கவரில் அடைக்கிறீர்கள், கடைக்காரர் அதை வாசலில் வெயில் படும்படி சரமாகத் தொங்கவிடுகிறார். தயாரித்த அன்று இருந்த நிறமியில் ஆறாம் மாதம் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

மூலப்பொருளுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. இறால் தலையும் ஓடும் பதப்படுத்தும் ஆலைகளில் கழிவாக விழுகிறது, அதில் அஸ்டாசாந்தின் இருக்கிறது. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கோயம்பேட்டில் செண்டுமல்லி சீந்துவாரில்லாமல் கிடக்கும். மிளகாய் வற்றலின் சிவப்பும் கரோட்டினாய்டுதான்.

கணக்கு எழுதுவது ஆகாத காரியமும் இல்லை. சால்மன், ட்ரௌட் தீவனத்தில் காந்தாசாந்தின் என்ற சிவப்பு நிறமி கிலோவுக்கு 25 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-லேயே வரம்பு வைத்தது. அது மனிதர் தின்னும் மீன் என்பதால் வந்த கெடுபிடி. எங்கள் மீனை யாரும் தின்னப்போவதில்லை, அதனால் வரம்பு கேட்கவில்லை. எண்ணை மட்டும் எழுதுங்கள் என்கிறோம்.

ஆகவே பின்பக்கத்தில் நான்கு வரி போடுங்கள்: நிறமியின் பெயர், எதிலிருந்து எடுத்தது, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம், காலாவதி நாளில் அதில் எவ்வளவு மிஞ்சும். ஹார்மோன் கலக்கவில்லை என்றால் அதையும் துணிந்து எழுதுங்கள். கவரை வெளிச்சம் புகாததாக மாற்றுங்கள், அதற்காக ஒரு ரூபாய் கூட்டினாலும் கொடுக்கிறோம். இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்பக்கத்தில் இருக்கும் அதே ஃப்ளவர்ஹார்ன் மீன் படத்தைப் பின்பக்கமும் அச்சடிக்க இடம் இருக்கிறதே.

இப்படிக்கு,
கொளத்தூர் மீன் வளர்ப்பவன் ஒருவன்