பாளையங்கோட்டை தந்த துப்பறியும் நாவலாசிரியர்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த நெல்லைப் படைப்பாளிகள் பற்றிய கட்டுரையை வரி விடாமல் படித்தேன். புதுமைப்பித்தன், வல்லிக்கண்ணன், தொ.மு.சி. ரகுநாதன், வண்ணதாசன், கலாப்ரியா என்று நாம் பெருமைப்படும் பெயர்கள் எல்லாம் இருந்தன. 1875இல் பாளையங்கோட்டையில் பிறந்த ஜே.ஆர். ரங்கராஜுவை மட்டும் காணோம். மர்ம நாவல் எழுதியவர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1908இல் வந்த ‘ராஜாம்பாள்’ நாவலில் துப்பறியும் கோவிந்தனைத் தமிழ் வாசகனுக்கு அறிமுகப்படுத்தியவர் அவர். அந்த நாவல் 1935, 1951 என இரண்டு முறை திரைப்படமாகவும் வந்தது. ‘சந்திரகாந்தா’வில் மடாதிபதி ஒருவரின் லீலைகளை அம்பலத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ரங்கராஜு ஆகிய மூவரும்தான் நாவலைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் பெருங்கூட்டத்தைத் தமிழில் உருவாக்கினார்கள்.

அவர்கள் காலத்து மர்ம நாவல்களில் பல ஆங்கிலக் கதைகளைத் தழுவியவை என்பது உண்மையே. அதற்காக மொத்தத்தையும் இரவல் சரக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை. மர்மக் கதை எழுதுவது லேசுப்பட்ட வேலையா? குற்றவாளியைத் தொடக்கத்திலிருந்தே நம் கண்முன் நடமாட விட வேண்டும், அவன்மீது சந்தேகமும் விழக் கூடாது. முடிவு தெரிந்தபின் பக்கங்களைத் திருப்பினால் துப்பு அங்கேயே கிடக்க வேண்டும்.

எங்கள் தெருவில் பீடி சுற்றும் பெண்களிடம் இந்த நாவல்களுக்கு இருந்த மதிப்பை நேரில் கண்டவன் நான். மடியில் சுளகோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி ராஜேஷ்குமாரின் மாத நாவலை வாய்விட்டு வாசிப்பாள். மற்றவர்கள் இலையைச் சுருட்டி நூல் கட்டியபடியே கேட்பார்கள். கொலை செய்தது யார் என்று வாக்குவாதம் முற்றும்போதுதான் கைகள் நிற்கும். வாடகை நூல்நிலையத்திலிருந்து வந்த பிரதியில் கடைசித் தாள் கிழிந்திருந்தால் அடுத்த தெருவரை ஆள் அனுப்பி முடிவைக் கேட்டு வரச் சொல்வார்கள். எழுத்தின்மேல் இத்தனை ஆசை வைத்தவர்களை வாசகர்கள் என்று ஏற்கத் தயங்கும் இலக்கியக் கூட்டங்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சுஜாதாவின் கணேஷ்-வசந்துக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூடக் கோவிந்தனுக்கு இல்லை.

ரங்கராஜு 1959இல் மறைந்தார். 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவருடைய நாவல்களை வெளியிடப் பதிப்புரிமைத் தடை எதுவும் இல்லை. நெல்லைப் பதிப்பாளர் யாராவது ‘ராஜாம்பாள்’ நாவலை நல்ல முன்னுரையோடு, மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவர வேண்டும். அடுத்த புத்தகத் திருவிழாவில் அவருக்கென ஓர் அமர்வு ஒதுக்கலாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் தமிழ்த் துப்பறியும் நாவல்களுக்குத் தனி அலமாரி வைக்கலாம். தங்கள் இணைப்பிலும் ரங்கராஜு பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.