லாம்புருஸ்கோ பாதுகாப்புக் கூட்டமைப்புக்கு: சோர்பாரா பாட்டிலில் எவ்வளவு சோர்பாரா?

வட இத்தாலியின் மோடேனா, ரெஜ்ஜோ எமிலியா ஒயின்காரர்களுக்கு,

லாம்புருஸ்கோ என்கிற உங்கள் சிவப்பு நுரை ஒயின்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது சோர்பாராதான். செக்கியா, பனாரோ ஆறுகளுக்கு நடுவே வண்டல் மண்ணில் விளைகிற திராட்சை, வெளிறிய ரோஜா நிறம், நாக்கைச் சுண்டுகிற புளிப்பு. உப்பில் ஊறிய பன்றித் தொடைக்கறியோடு குடித்தால் வாய் கழுவி விட்டதுபோல ஆகிவிடும். எழுபது எண்பதுகளில் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போன இனிப்பு லாம்புருஸ்கோவைக் குடித்துவிட்டு, இதெல்லாம் ஒரு ஒயினா என்று முகம் சுளித்தவர்கள் இதை ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சரி, அது பழைய கதை.

என் குறை லேபிளைப் பற்றியது. உங்கள் டிஓசி (ஊர்ப் பெயரைக் காக்கும் இத்தாலியச் சான்று) விதிப்படி, பாட்டிலில் சோர்பாரா என்று பேர் போட அந்தத் திராட்சை 60 விழுக்காடு இருந்தால் போதும், சலாமினோ என்கிற இன்னொரு லாம்புருஸ்கோ திராட்சை 40 வரை சேரலாம். உங்கள் மற்ற லாம்புருஸ்கோ ஒயின்களான காஸ்தெல்வெத்ரோவின் கிராஸ்பரோஸாவுக்கும் சாந்தா குரோச்சேயின் சலாமினோவுக்கும் பேருக்குரிய திராட்சை 85 கேட்கிறீர்கள், இதற்கு மட்டும் ஏன் இந்தத் தளர்வு?

காரணம் தெரியாமல் இல்லை. சோர்பாராவின் பூ தன் மகரந்தத்தால் காய்க்காது, பக்கத்து வரிசையில் சலாமினோ பூத்தால்தான் குலையே பிடிக்கும், அப்போதும் பாதி மணிகள் சிறுத்துப் போகும். இரண்டும் ஒரே தோட்டத்தில் நிற்பதால் இரண்டும் ஒரே தொட்டிக்குப் போவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆண் பனை இல்லாமல் நுங்கு கிடையாது என்பதற்காக, பாளையை வெட்டி நுங்கோடு சேர்த்தா விற்கிறோம்? தோட்டத்தில் துணை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பாட்டிலுக்குள்ளும் துணை வேண்டுமா என்பது ஒயின் செய்கிறவரின் விருப்பம். நிறம் கூட்ட, புளிப்பைத் தணிக்கச் சலாமினோ சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. சேர்த்ததைச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பின்பக்க லேபிளில் ஒரே ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள்: சோர்பாரா இத்தனை, சலாமினோ இத்தனை. அப்புறம், நுரையானது அழுத்தத் தொட்டியில் வந்ததா, பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து வந்ததா என்பதையும் அதிலேயே போட்டுவிட்டால், அடியில் ஈஸ்ட் கலங்கிக் கிடப்பதைப் பார்த்து ஒயின் கெட்டுவிட்டதென்று யாரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக மாட்டார்கள். முதல் தடவை நான் போனேன்.